தசைவலிக்கு உலர் ஊசிச் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகள் தலைக்கு மேலுள்ள பந்தலில் படர்கின்றன. கவாத்து செய்வதும் கொத்துகளைத் திருத்துவதும் அறுவடை செய்வதும் கைகளை உயர்த்தி, கழுத்தை அண்ணாந்தபடி பல மணி நேரம் நின்று செய்யும் வேலைகள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்வோர், செடியின் அடியில் காய்க்கும் ஏலக்காயைக் குனிந்தும் குந்தியும் பறிக்கின்றனர். போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்கள் நாள் முழுவதும் தலை குனிந்து அமர்ந்திருக்கின்றனர். நடவு வயலிலும், வாழைத்தார் சுமக்கும் தோளிலும், நூற்பாலையின் இயந்திரத்தின் முன்னும் இதே நிலைதான். இவ்வாறு உழைப்போரிடம் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு ஆகியவற்றில் மாதக்கணக்கில் நீடிக்கும் தசைவலி பரவலாகக் காணப்படுகிறது.

இவ்வலியைப் பலர் "வாயுப் பிடிப்பு" என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொள்கின்றனர். சிலர் மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் உட்கொண்டு வேலைக்குச் செல்கின்றனர். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதே இதற்கு முதன்மையான காரணம். ஆனால், வலி நிவாரணி மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி நீண்ட நாள் உட்கொண்டால் இரைப்பைப் புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை ஏற்படக்கூடும். எனவே, மருந்தில்லாமல் தசைவலியைக் குறைக்கும் முறைகளை அறிந்திருப்பது பயனுள்ளது. அவற்றுள் ஒன்று உலர் ஊசிச் சிகிச்சை. டிரை நீட்லிங் என்றும் இதனை அழைப்பர். இது என்ன, யாருக்கு உதவும், யாருக்கு ஆகாது, எப்போது ஆபத்து என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

உலர் ஊசி என்றால் என்ன?

ஊசி என்றதும் மருந்து செலுத்துவதே நம் நினைவுக்கு வரும். உலர் ஊசியில் மருந்து எதுவும் இல்லை. இது உள்ளே துளையில்லாத, மயிரிழை போன்ற, துருப்பிடிக்காத எஃகினால் ஆன மெல்லிய கம்பி. மருந்து செலுத்தும் ஊசியைவிடப் பெரிதும் மெல்லியது. இறுகி வலிக்கும் தசைப் பகுதிக்குள் இதனைத் தோல் வழியே செலுத்தி, சிறிது நேரத்தில் வெளியே எடுத்துவிடுவர். திரவம் எதுவும் செலுத்தப்படாததால் "உலர்" என்னும் பெயர் ஏற்பட்டது.

தசையில் உள்ள வலிமுடிச்சுகளை விரிவாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல். அவர் குடியரசுத் தலைவர் கென்னடியின் மருத்துவராகவும் பணியாற்றியவர். அவரும் டேவிட் சைமன்ஸ் என்பவரும் இணைந்து எழுதிய வலிமுடிச்சுக் கையேட்டின் முதல் தொகுதி 1983-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் இம்முடிச்சுகளுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவதே வழக்கமாக இருந்தது. செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பலன் தருவது மருந்து மட்டுமன்று, சரியான இடத்தில் பாயும் ஊசியே வலியைக் குறைக்கிறது என்று எடுத்துக்காட்டியது. அதில் 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் ஊசி செலுத்தப்பட்டது. ஏறத்தாழ 87 விழுக்காட்டு நேர்வுகளில் உடனடியாக வலி தணிந்தது. எனினும், ஊசி செலுத்தப்படாத வேறொரு குழுவுடன் ஒப்பிடப்படாத ஆய்வு அது. ஆகவே, அந்த எண்ணை அப்படியே உங்களுக்குக் கிடைக்கும் பலனாகக் கொள்ளக் கூடாது.

தசையில் முடிச்சு எவ்வாறு உண்டாகிறது?

தசை என்பது சுருங்கி விரியும் நுண்ணிய இழைகளின் கட்டு. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரக்கும்போது இழை சுருங்குகிறது. அது நின்றதும் தளர்கிறது. ஒரே தசையை ஓய்வின்றிப் பயன்படுத்தும்போதும், ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருக்கும்போதும், திடீரெனப் பளு தூக்கும்போதும் சில இழைகள் தளராமல் சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடுவதாகக் கருதப்படுகிறது. சுருங்கிய இழைகள் அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை அழுத்துகின்றன. அவ்விடத்திற்கு உயிர்வளி குறைவாகவே வந்து சேர்கிறது. வலியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் அங்குத் தேங்குகின்றன. வலியினால் தசை மேலும் இறுகுகிறது. இறுகியதால் வலி மேலும் கூடுகிறது.

விரலால் அழுத்திப் பார்த்தால் இவ்விடம் இறுகிய கயிற்றின் நடுவே பட்டாணி அளவில் ஒரு முடிச்சுப் போலத் தட்டுப்படும். ஊசி அதில் சரியாகப் படும்போது, தசை ஒரு நொடி தானாகவே துள்ளி அடங்கும். இத்துள்ளலுக்குப் பின் இழைகள் தளர்ந்து, இரத்த ஓட்டம் கூடுவதாக ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். ஊசியின் தூண்டல் தண்டுவடத்திலும் மூளையிலும் வலி உணர்வைக் குறைப்பதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இவ்விளக்கங்கள் குறித்து அறிவியலாளரிடையே முழு உடன்பாடு இன்னும் ஏற்படவில்லை.

வலி ஓரிடம், மூலம் வேறிடம்

வலிமுடிச்சின் தனித்தன்மை, அது இருக்கும் இடத்தைவிட்டு வேறிடத்தில் வலியைத் தோற்றுவிப்பதாகும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையின் முடிச்சு, கழுத்தின் பக்கவாட்டில் ஏறி நெற்றிப்பொட்டில் தலைவலியாக உணரப்படலாம். தோள்பட்டை எலும்பின் பின்புறத் தசையிலுள்ள முடிச்சு, தோளின் முன்புறத்திலும் கையிலும் வலிக்கலாம். பிட்டத் தசையின் முடிச்சு காலில் இறங்கி, நரம்பு அழுத்தத்தால் வரும் வலிபோலத் தோன்றலாம். எனவே, வலிக்கும் இடத்தை மட்டும் காட்டி "இங்கே ஊசி போடுங்கள்" என்று கேட்பது சரியன்று. பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் அசைவுகளைப் பார்த்து, தசைகளைத் தொட்டுச் சோதித்த பின்னரே மூலத்தைக் கண்டறிய இயலும்.

முதலில் உறுதி செய்ய வேண்டியவை

எல்லா வலியும் தசைவலி அன்று. பின்வரும் அறிகுறிகள் இருந்தால் உலர் ஊசிச் சிகிச்சையை நாடாமல், உடனே மருத்துவரை அணுகுங்கள்.

• நெஞ்சில் அழுத்தம், இடது தோள், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல். இது மாரடைப்பாக இருக்கலாம். "வாயுதான்" என்று தைலம் தேய்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை பாதிக்கப்படுகிறது. உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலேயே மாரடைப்பு வரக்கூடும்.

• காய்ச்சலுடன் கூடிய கடுமையான தசைவலி. வயலிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் வேலை செய்வோருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டெங்குக் காய்ச்சலிலும் உடல்வலி கடுமையாக இருக்கும்.

• கை அல்லது காலில் மரத்துப்போதல், பலம் குறைதல்; சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல்; இரு தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைதல்.

• ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு, கெண்டைக்கால் வலி. இது இரத்தக் குழாயில் உறைகட்டியாக இருக்கலாம்.

• மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ விழுந்த பின் அல்லது வாகன விபத்துக்குப் பின் ஏற்பட்ட வலி.

• ஓய்விலும் இரவிலும் குறையாத வலி, காரணமின்றி உடல் எடை குறைதல், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருத்தல்.

உடல் முழுவதும் தசைவலி இருந்தால், தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி குறைவு, கொழுப்பைக் குறைக்க உட்கொள்ளும் ஸ்டேட்டின் மாத்திரை ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இவற்றிற்கு ஊசி தீர்வாகாது. இரத்தப் பரிசோதனையே வழிகாட்டும். ஸ்டேட்டின் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

அக்குபஞ்சர், வர்மம், சுளுக்கு எடுத்தல் ஆகியவற்றிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

உலர் ஊசியும் அக்குபஞ்சர் ஊசியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அக்குபஞ்சர் சீன மரபு மருத்துவத்தின் புள்ளிகளையும் பாதைகளையும் அடிப்படையாகக் கொண்டது. உலர் ஊசி, உடற்கூறியலின் அடிப்படையில் எந்தத் தசை, எந்த முடிச்சு என்று கண்டறிந்து செலுத்தப்படுவது. வர்மம் சித்த மருத்துவத்தின் ஒரு பிரிவு. அதில் குறிப்பிட்ட இடங்களை விரலாலும் கையாலும் தூண்டுவர். கிராமங்களில் சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் தடவி உருவி விடுவார். இவை ஒவ்வொன்றும் வேறுவேறு முறைகள். ஒன்றில் பயிற்சி பெற்றவர் மற்றொன்றையும் செய்யத் தகுதி உடையவர் என்று கருத வேண்டாம். எலும்பு முறிந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், உருவி விடுவதும் ஊசி செலுத்துவதும் தவறு. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முதற்பணி.

எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம்?

இயன்முறைச் சிகிச்சையாளர்கள் அளித்த உலர் ஊசிச் சிகிச்சை குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சிகிச்சை இல்லாத நிலையுடனும் போலி ஊசியுடனும் ஒப்பிடும்போது, முதல் 12 வாரங்கள் வரை இது வலியைக் குறைப்பதாகக் கண்டது. அந்த ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு முதல் நடுத்தரம் வரையிலானது என்றும், நீண்டகாலப் பலனுக்குப் போதிய சான்றில்லை என்றும் அதே பகுப்பாய்வு குறிப்பிட்டது.

இதன் பொருள் தெளிவானது. உலர் ஊசி வலியைச் சில நாட்களோ சில வாரங்களோ தணித்து, நீங்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவதற்கு ஒரு வாய்ப்பை உண்டாக்கித் தருகிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தித் தசையை நீட்டி, வலுப்படுத்தி, வேலை செய்யும் முறையை மாற்றினால் பலன் நிலைக்கும். ஊசி மட்டும் போட்டுக்கொண்டு மறுநாளே பழைய முறையில் பந்தலுக்குள் நின்றால், முடிச்சு மீண்டும் தோன்றும். "ஒரே ஊசியில் நிரந்தரக் குணம்" என்று எவரேனும் உறுதி கூறினால் அதனை நம்ப வேண்டாம். சில அமர்வுகளுக்குப் பின்னும் மாற்றம் இல்லையெனில், அதே ஊசியைத் தொடர்வதை விடுத்து, வலியின் காரணத்தை மறுபடியும் ஆராய வேண்டும்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

முதலில் சிகிச்சையாளர் உங்கள் நோய் வரலாறு, உட்கொள்ளும் மருந்துகள், செய்யும் வேலை ஆகியவற்றைக் கேட்டறிவார். பின்னர் கழுத்து, தோள், இடுப்பின் அசைவுகளைச் சோதிப்பார். சிகிச்சையின் பலன், வலி, ஆபத்து ஆகியவற்றை விளக்கி உங்கள் ஒப்புதலைப் பெறுவார். புரியாதவற்றைக் கேட்கவும், வேண்டாம் என்று மறுக்கவும், நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசியைக் கண்டு சிலருக்குத் தலைசுற்றல் வருவதால், படுத்த நிலையில் சிகிச்சை பெறுவது நல்லது. வெறும் வயிற்றில் செல்ல வேண்டாம். தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, உறை பிரிக்கப்படாத புதிய ஊசியை எடுத்து, மெல்லிய குழாயின் துணையுடன் தோலில் தட்டிச் செலுத்துவர். தோலில் பாயும்போது வலி மிகக் குறைவு. முடிச்சில் படும்போது ஆழ்ந்த கடுகடுப்பும், தசை துள்ளும் உணர்வும் உண்டாகும். உங்களுக்குப் பழக்கமான அதே வலி ஒரு கணம் தோன்றி மறையலாம். மின்சாரம் பாய்ந்ததுபோன்ற கூர்மையான வலியோ, கை கால்களில் சுரீரெனப் பரவும் வலியோ ஏற்பட்டால் உடனே சொல்லுங்கள். ஊசி நரம்பின் அருகே சென்றிருக்கலாம். ஊசி சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை தசையில் இருக்கும். அந்நேரத்தில் உடலை அசைக்க வேண்டாம்.

முடிந்ததும் அவ்விடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடிப்பர். செலுத்திய ஊசிகளின் எண்ணிக்கையும் வெளியே எடுத்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளை, 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, துளைக்க முடியாத வெண்ணிற ஒளிகசியும் கலனில் இட வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொருவருக்குப் பயன்படுத்தினால் கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. ஆகிய தொற்றுகள் பரவக்கூடும். கொதிக்க வைத்த ஊசி, ஸ்பிரிட்டால் துடைத்த ஊசி என்று எவ்வாறு கூறினாலும் மறுத்துவிடுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும், யார் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்?

ஊசியின் மீது கடும் அச்சம் உள்ளவர், விருப்பமில்லாதவர், சூழலைப் புரிந்துகொண்டு ஒப்புதல் தர இயலாதவர் ஆகியோருக்கு இச்சிகிச்சை அளிக்கக் கூடாது. தோலில் புண், கட்டி, தொற்று உள்ள இடத்திலும், நிணநீர் வீக்கம் உள்ள கை கால்களிலும் ஊசி செலுத்தக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்கள், அப்பக்கக் கையில் ஊசி செலுத்துவதற்கு முன் தங்கள் அறுவை மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

பின்வருவோர் சிகிச்சைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்: இரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், வார்ஃபாரின், அசினோகூமரால், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, வலிப்பு நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள், செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள், உலோக ஒவ்வாமை உள்ளவர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை, ஊசிக்காக நீங்களாகவே ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. தசைவலிக்காக அம்மருந்தை நிறுத்துவதால் பக்கவாதமோ மாரடைப்போ வரக்கூடும்.

பக்கவிளைவுகள்

சிறிய பக்கவிளைவுகள் இயல்பானவை. அயர்லாந்தில் 39 இயன்முறைச் சிகிச்சையாளர்கள் அளித்த 7,629 சிகிச்சைகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 19 விழுக்காட்டில் லேசான விளைவுகள் ஏற்பட்டன. கன்றிப்போதல், சிறு இரத்தக்கசிவு, சிகிச்சையின்போதும் பின்னரும் வலி ஆகியவையே அவற்றுள் மிகுதி. அமெரிக்காவில் 20,000-க்கும் மேற்பட்ட சிகிச்சைகளைப் பதிவு செய்த மற்றோர் ஆய்வில், கடுமையான விளைவுகள் ஆயிரம் சிகிச்சைகளுக்கு ஒன்று என்ற அளவில் பதிவாயின. இவை அனைத்தும் பயிற்சி பெற்றவர்களின் கையில் நிகழ்ந்தவை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அரிதாக நிகழ்ந்தாலும் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து, நுரையீரலில் ஊசி பட்டுக் காற்றுக் கசிவதாகும். கழுத்தின் அடிப்பகுதி, தோள்பட்டையின் மேற்புறம், முதுகின் மேற்பகுதி, மார்பு ஆகிய இடங்களில் தசைக்குக் கீழே நுரையீரல் வெகு அருகில் உள்ளது. பந்தல் வேலையால் வலிக்கும் தசைகள் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே உள்ளன. ஊசி ஆழமாகச் சென்று நுரையீரலைத் துளைத்தால், காற்று வெளியேறி நுரையீரல் சுருங்கத் தொடங்கும். மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது கூர்மையான நெஞ்சுவலி, வறட்டு இருமல், படபடப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். இவை உடனேயும் தோன்றலாம். சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். தோன்றினால் "ஊசி போட்ட வலி" என்று பொறுத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உலர் ஊசி செலுத்தப்பட்டது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதை அங்குள்ள மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இக்காரணத்தால், தோள் அல்லது முதுகில் ஊசி செலுத்திக்கொண்ட நாளில் மலைத் தோட்ட வேலைக்குச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது. தோட்டத்தின் நடுவே மூச்சுத்திணறல் வந்தால், ஜீப் பாதையைக் கடந்து மருத்துவமனையை அடைய வெகுநேரம் ஆகும். விடுமுறைக்கு முந்தைய மாலையைவிட, வீட்டில் ஒருவர் உடனிருக்கக்கூடிய விடுமுறை நாளின் காலையே சிகிச்சைக்கு ஏற்றது.

சிகிச்சைக்குப் பின்

ஊசி செலுத்திய தசையில் ஒன்று முதல் இரண்டு நாட்கள் வரை கடுகடுப்பு இருக்கலாம். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவினால் தோல் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒத்தடத்தின் சூட்டைப் பிறர் சோதித்துப் பார்க்க வேண்டும். மென்மையான அசைவுகளைத் தொடருங்கள். முற்றிலும் அசையாமல் படுத்திருப்பது தேவையில்லை. அன்றைய நாளில் பளு தூக்குவதைத் தவிருங்கள். தலைசுற்றல் இருந்தால் இருசக்கர வாகனத்தை நீங்களே ஓட்டிச் செல்லாதீர்கள். ஊசி பட்ட இடத்தில் வீக்கம், சூடு, சீழ் அல்லது காய்ச்சல் ஏற்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே, யாரிடம் செல்வது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலோ மருத்துவரிடம் காட்டி, வலியின் காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். தேவையெனில் பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பர். உலர் ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் அளிக்கப்படுவதில்லை. அது கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். உடற்பயிற்சி, வெப்ப ஒத்தடம், கையால் தசையைத் தளர்த்தும் முறை ஆகியவை தசைவலிக்கு அடிப்படையான, பாதுகாப்பான சிகிச்சைகள். நடக்க இயலாத முதியவர்களும் நோயாளிகளும், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெறுவது குறித்துத் தங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

தனியாரிடம் செல்வதாயின் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

• இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா? உலர் ஊசிக்குத் தனியாகப் பயிற்சி பெற்றுள்ளாரா?
• ஒவ்வொரு முறையும் என் கண்முன்னே புதிய ஊசியை உறையிலிருந்து பிரிப்பீர்களா?
• எந்தத் தசையில் செலுத்தப் போகிறீர்கள்? அங்கு என்ன ஆபத்து?
• எத்தனை அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கட்டணம்?
• ஊசியுடன் என்ன உடற்பயிற்சி கற்றுத் தருவீர்கள்?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நல்ல சிகிச்சையாளர் இவற்றைக் கேட்காமலேயே விளக்குவார்.

வேலையில் செய்யக்கூடிய மாற்றங்கள்

பந்தல் வேலையில் உறுதியான முக்காலி அல்லது பலகை மீது நின்றால், கைகளைத் தோள் உயரத்திற்கு மேல் தூக்கும் நேரம் குறையும். அரை மணிக்கு ஒருமுறை கைகளைத் தொங்கவிட்டு, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஏலக்காய் பறிக்கும்போது நெடுநேரம் குனிந்திருப்பதைவிடத் தாழ்வான இருக்கையில் அமர்வதும், இடையிடையே எழுந்து முதுகை நிமிர்த்துவதும் நல்லது. தரம் பிரிக்கும் தட்டை மடியிலிருந்து சற்று உயர்த்தி வைத்தால் கழுத்து குனிவது குறையும். வாழைத்தாரை எப்போதும் ஒரே தோளில் சுமக்காமல் மாற்றிச் சுமக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்று: நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, வலது கையால் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தலையை மெல்ல இடப்புறம் சாயுங்கள். கழுத்தின் வலப்புறத்தில் இழுபடும் உணர்வு வந்ததும் 20 முதல் 30 நொடிகள் அப்படியே இருங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பக்கத்திற்கு மூன்று முறை, நாளுக்கு இருமுறை செய்யலாம். தலைசுற்றலோ கையில் மரத்துப்போதலோ ஏற்பட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

வீட்டிலுள்ளவர் வலியைச் சொல்லாமல் வேலைக்குச் செல்லக்கூடும். தலை வாரும்போது கையை உயர்த்த இயலாமை, இரவில் புரண்டு படுக்கத் தயங்குதல், மாத்திரை அட்டைகள் விரைவில் காலியாதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை பெற்ற நாளில் இரவு வரை அவருடைய மூச்சையும் நடையையும் கவனித்திருங்கள். வீட்டில் எவரும் தையல் ஊசியாலோ, இணையத்தில் வாங்கிய ஊசியாலோ இதனைச் செய்து பார்க்க முயலக் கூடாது.

தசைவலி உழைப்போரின் தலைவிதி அன்று. அது தசைக்கு ஓய்வும் பயிற்சியும் தேவை என்பதை உணர்த்தும் அறிகுறி. காரணத்தை உறுதி செய்துகொண்டு, தகுதி பெற்றவரிடம், புதிய ஊசியால், உடற்பயிற்சியுடன் சேர்த்துப் பெறும்போது உலர் ஊசி உங்களுக்கு உதவக்கூடும். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும், அதனைத் தவிர்ப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.